கப்பல் பயணத்தில் ‘ஆன்போர்டு கிரெடிட்’: மதுரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆரப்பாளையத்து அண்ணன் ஒருவர் கப்பல் பயணம் முடிந்து ஊர் வந்த மறுநாள் என் அலுவலகத்துக்கு வந்தார். மேசையில் மூன்று சாவிக்கொத்தையும் ஒரு தொப்பியையும் எடுத்து வைத்தார். “இந்தா தம்பி, உனக்குத்தான். எங்களுக்கு இது எதுக்கும் ஆகாது” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் குரலில் லேசான கடுப்பு.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் டிக்கெட் போடுவது என் தொழில். முன்பெல்லாம் ரயில், விமானம் மட்டும்தான். சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கே கப்பல் ஏறிவிட்டு வருகிறோம் என்று கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் நான்கு ராத்திரிப் பயணம் போட்டுக் கொடுத்தேன். கப்பல் கம்பெனியின் சலுகையில் 100 டாலர் ஆன்போர்டு கிரெடிட் சேர்ந்து வந்தது. “நூறு டாலர் ஃப்ரீண்ணே” என்று பெருமையாகவும் சொல்லிவிட்டேன். அந்த நூறு டாலர்தான் தொப்பியும் சாவிக்கொத்துமாகத் திரும்பி வந்திருந்தது. தப்பு அவர் பேரில் இல்லை, என் பேரில். என்ன தப்பு என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில், இது என்ன சமாச்சாரம்?

கப்பலில் ஏறிய பிறகு மணிபர்ஸுக்கு வேலை கிடையாது. கேபின் கதவைத் திறக்கிற அட்டைதான் எல்லாவற்றுக்கும். ராயல் கரீபியனில் அதற்கு சீபாஸ் என்று பெயர், கார்னிவலில் செயில் அண்ட் சைன். பிரின்சஸ் கப்பல்களில் மெடாலியன் என்று வட்டமாக ஒரு வில்லை தருவார்கள். காபி குடித்தாலும் போட்டோ வாங்கினாலும் அட்டையைக் காட்டினால் போதும், உங்கள் பெயரில் பற்று ஏறிவிடும். கடைசி நாளில் மொத்தமாகக் கூட்டி, ஏறும்போது நீங்கள் கொடுத்த கார்டில் எடுத்துக்கொள்வார்கள். மளிகைக் கடை அண்ணாச்சியின் பற்று நோட்டு மாதிரிதான்.

அந்த நோட்டில் உங்கள் பக்கம் முன்கூட்டியே எழுதிவைத்த வரவுதான் ஆன்போர்டு கிரெடிட். 100 டாலர் வரவு இருந்து 130 டாலருக்குச் செலவு செய்தால், கார்டில் 30 டாலர்தான் போகும்.

60 டாலருக்கு மட்டும் செலவு செய்தால் மிச்சம் 40 கைக்கு வருமா? விவகாரமே இங்கேதான் இருக்கிறது.

இரண்டு ஜாதிக் கிரெடிட்

ஒன்று ரீஃபண்டபிள். செலவழிக்காத மிச்சம் கடைசியில் ரொக்கமாகவோ கார்டிலோ திரும்ப வரும். இன்னொன்று நான்-ரீஃபண்டபிள். பயணம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் போனது போனதுதான்.

நகைக்கடைச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் கட்டியதை நகையாகத்தான் எடுக்க முடியும், ரொக்கமாகக் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நான்-ரீஃபண்டபிள் அந்த வகை. அதிலும் ஒரு படி மோசம், கெடு தேதி வேறு. ஹாஸ்டல் மெஸ் டோக்கன் மாதக் கடைசியோடு செல்லாமல் போகிற மாதிரி, கப்பல் கரை சேர்ந்தால் இதுவும் செல்லாது. அடுத்த பயணத்துக்குத் தள்ளிவைக்க முடியாது.

ஒரே கணக்கில் இரண்டு வகையும் இருந்தால், பெரும்பாலும் நான்-ரீஃபண்டபிள் முதலில் கழியும். அது நமக்கு நல்லதுதான்.

எது எந்த வகை என்பது, அது எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. கம்பெனி விளம்பரச் சலுகையாகக் கொடுப்பது பெரும்பாலும் நான்-ரீஃபண்டபிள். என்னைப் போன்ற ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்து போட்டுக் கொடுப்பதும் பல சமயம் அப்படித்தான். புயல், எந்திரக் கோளாறு என்று ஒரு துறைமுகத்தில் நிற்காமல் போனால், அந்தத் துறைமுக வரியைக் கப்பல் கணக்கில் திருப்பி வரவு வைப்பார்கள். அது உங்கள் சொந்தக் காசு, பொதுவாகத் திரும்பக் கிடைக்கும். கப்பலில் இருக்கும்போதே அடுத்த பயணத்துக்கு முன்பணம் கட்டினால் கிரெடிட் தருகிறோம் என்று ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கடல் காற்றில் மயங்கி அங்கே கையெழுத்துப் போடாதீர்கள், ஊருக்கு வந்து யோசித்துக்கொள்ளலாம்.

ராயல் கரீபியன் பங்கு 100 வைத்திருந்தால் கிரெடிட் உண்டாமே என்று ஒருவர் யூடியூப் பார்த்துவிட்டு வந்து கேட்டார். உண்டுதான். ஆனால் அந்த 100 பங்குக்கு ஆகும் பல லட்சத்தை ஒரு கப்பல் பயணத்துக்காகப் போடுவது, சட்டைப் பொத்தானுக்காகத் தறியே வாங்குகிற கதை.

படி 1: டிக்கெட் போடும்போதே எழுத்தில் வாங்குங்கள்

ஏஜென்ட்டோ வெப்சைட்டோ, “கிரெடிட் உண்டு” என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். புக்கிங் சீட்டில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொகை எவ்வளவு. விளம்பரத்தில் “அப் டு” என்று ஒரு சின்ன வார்த்தை நுழைந்திருக்கும். பெரிய எழுத்தில் போட்ட தொகை, பால்கனி வைத்த உசத்தி கேபினுக்கும் நீண்ட பயணத்துக்கும்தான். ஜன்னல் இல்லாத உள் கேபினுக்கு அதில் பாதிகூட இருக்காது.

கேபினுக்கா, ஆளுக்கா. பெரும்பாலும் கேபினுக்குத்தான். நான்கு பேர் ஒரே கேபினில் போனால் நான்கு மடங்கு வராது. இரண்டு கேபின் எடுத்து, ஒன்றில் அப்பா அம்மாவும் இன்னொன்றில் நீங்களும் இருந்தால், அவர்கள் கணக்கில் மிஞ்சுவது உங்கள் கணக்குக்குத் தானாக வந்து சேராது.

எந்த நாணயம். சிங்கப்பூரில் ஏறுகிற கப்பல் என்றால் சிங்கப்பூர் டாலர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கக் கம்பெனிக் கப்பல் ஆசியாவில் ஓடினாலும் கணக்கு பெரும்பாலும் அமெரிக்க டாலரில்தான். இரண்டும் ஒரே விலை இல்லை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான்காவது, ரீஃபண்டபிளா இல்லையா. இதை வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு மெயில் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தொழில்காரன் நானே சொல்கிறேன். 100 டாலர் கிரெடிட் வேண்டுமா, டிக்கெட்டில் 60 டாலர் குறைக்கட்டுமா என்று கேட்டால், மதுக்கடைப் பக்கம் போகாத குடும்பம் யோசிக்காமல் 60 டாலர் தள்ளுபடியை வாங்கிக்கொள்ளலாம். கையில் நிற்கிற காசு அதுதான்.

படி 2: சர்வீஸ் சார்ஜை முன்கூட்டிக் கட்டலாமா?

நான் கோட்டைவிட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கேபின் கூட்டுகிறவர், சாப்பாடு பரிமாறுகிறவர் எல்லாருக்கும் சேர்த்து கிராஜுவிட்டி என்று ஆளுக்கு, நாளுக்கு ஒரு தொகை பிடிப்பார்கள். பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் சாதாரண கேபினுக்கு இது ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை. டிக்கெட் போடும்போதே கட்டிவிடலாம், இல்லாவிட்டால் கப்பலில் தினமும் கணக்கில் ஏறும்.

அண்ணன் விஷயத்தில் அது ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் 50 சென்ட். இரண்டு பேர், நான்கு நாள், ஆக 148 டாலர். “கப்பல்ல போய் எதுவும் கட்ட வேண்டாம்ணே, எல்லாம் முடிச்சுட்டேன்” என்று அதையும் டிக்கெட்டோடு சேர்த்து ரூபாயில் வாங்கிக் கட்டிவிட்டேன். சௌகரியம் செய்து கொடுத்ததாக எனக்கு நினைப்பு.

கட்டாமல் விட்டிருந்தால்? கப்பலில் 148 டாலர் ஏறியிருக்கும், 100 டாலர் கிரெடிட் அதில் தானாகக் கழிந்திருக்கும், அவர் கைக்காசு 48 டாலரோடு நின்றிருக்கும். ஒரு தொப்பிகூட வாங்காமல் முழு நூறும் வசூல். நான் முன்கூட்டியே கட்டியதால் 148 அவர் கையிலிருந்தே போனது. குடிப்பழக்கம் இல்லாத, ஸ்பா பக்கம் எட்டிப் பார்க்காத இரண்டு பேருக்கு அந்த நூறு டாலரை இறக்க இடமே இல்லாமல் போய்விட்டது. இரண்டு காபி 11 டாலர் 80 சென்ட், போட்டோ 25, தொப்பி 22, சாவிக்கொத்து மூன்றுக்கு 24. மீதி 17 டாலர் 20 சென்ட் கடலோடு போச்சு.

ஆகவே உங்கள் கிரெடிட் நான்-ரீஃபண்டபிள் என்றால், முதல் கேள்வி இது: “இதை கிராஜுவிட்டியில் கழிப்பீர்களா?” நிறைய கம்பெனிகளில் கழியும். ஆனால் எல்லா வகைக் கிரெடிட்டுக்கும் எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கொள்வதில்லை, அதனால் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கழியும் என்றால் முன்கூட்டிக் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? கப்பல் கிளம்புவதற்குச் சில நாள் முன்புவரை பல கம்பெனிகளில் எடுத்துவிடலாம். ஏஜென்ட்டிடம் சொன்னால் பார்ப்பார்.

கவுண்டரில் போய் கிராஜுவிட்டியையே எடுக்கச் சொல்லிவிட்டு, கிரெடிட்டை வேறு எதற்காவது செலவழிக்கலாம் என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். அது நமக்குப் படுக்கை விரித்த பையனுடைய கூலி.

படி 3: வை-ஃபை, ஸ்பெஷல் சாப்பாடு: முன்பா, கப்பலிலா?

கிளம்பும் முன் கப்பல் கம்பெனியின் ஆப்பில் வாங்கினால் வை-ஃபை, குடிபானப் பேக்கேஜ், தனிக் கட்டண உணவகம் எல்லாம் கப்பல் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும். ஆனால் அதைப் பெரும்பாலும் கார்டில்தான் கட்ட வேண்டும், கிரெடிட் உயிர் பெறுவது கப்பல் ஏறிய பிறகுதான். சில கம்பெனிகள் மட்டும் முன்பே பயன்படுத்த விடும்.

கணக்கு ரொம்பச் சுலபம். கிராஜுவிட்டியிலேயே கிரெடிட் தீர்ந்துவிடும் என்றால் வை-ஃபையை முன்பே மலிவாக வாங்குங்கள். எப்படியும் மிஞ்சும் என்றால், கொஞ்சம் விலை கூடினாலும் கப்பலிலேயே வாங்குங்கள். வீணாகப் போகிற காசில் வாங்குவதற்கு விலை பார்த்து என்ன ஆகப்போகிறது?

படி 4: ஏறிய அன்றே கணக்கைப் பாருங்கள்

கேபினுக்குப் பெட்டி வந்து சேரும் முன்பே ஆப்பிலோ கேபின் டிவியிலோ உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். கிரெடிட் வரவாகி இருக்க வேண்டும். இல்லையென்றால் டிக்கெட் போடும்போது எழுதி வாங்கிய மெயிலைக் காட்டி கெஸ்ட் சர்வீஸ் கவுண்டரில் கேளுங்கள். முதல் நாள் சாயங்காலம் அங்கே கூட்டம் அப்பும், திருமலை நாயக்கர் மகாலில் லீவு நாள் டிக்கெட் வரிசை மாதிரி. மறுநாள் வெள்ளன எந்திரிச்சுப் போனால் காலி. கடைசி ராத்திரிக்கு மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கிரெடிட் கேபினின் முதல் ஆள் பெயரில்தான் பெரும்பாலும் நிற்கும். மனைவி அட்டையில் வாங்கியதும் அதிலேயே கழிய வேண்டுமென்றால் இரண்டு கணக்கையும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு கேபின் எடுத்த குடும்பமும் அதே கவுண்டரில் அதே வேலையைக் கேட்கலாம். பிள்ளைகள் அட்டையில் செலவுக்கு வரம்பு போடவும் அப்போதே சொல்லிவிடுங்கள். வீடியோ கேம் கூடத்தில் அட்டையைத் தேய்க்கத் தேய்க்க டாலர் கரைவது பிள்ளைக்குத் தெரியாது.

கார்டு விஷயத்திலும் கவனமா இருக்க வேண்டும். கிரெடிட் கார்டு கொடுங்கள், டெபிட் கார்டு வேண்டாம். செலவுக்கு உத்தரவாதமாகக் கப்பல்காரர்கள் அவ்வப்போது ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். டெபிட் கார்டில் அது உங்கள் சேமிப்புக் கணக்கையே பிடித்துவைக்கும், விடுபடப் பல நாள் ஆகும். நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது, பேங்க் ஆப்பில் நாமே திறக்க வேண்டும். இதை ஊரிலேயே செய்துவிடுங்கள். ரூபாயில் எடுக்கட்டுமா, டாலரிலா என்று எங்கே கேட்டாலும் டாலர் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையை அவர்கள் வைப்பார்கள்.

படி 5: எதில் செலவழிக்கலாம்

கிராஜுவிட்டி கழிந்தும் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என் வரிசையில் அடுத்தது கரைச் சுற்றுலா, அதிலும் எல்லா ஊரிலும் இல்லை.

பினாங்கில் கப்பல் நிற்கிற ஸ்வெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுன் ஊருக்குள்ளேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா. பூக்கடை, தமிழ்ப் பெயர்ப்பலகை, 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் எல்லாம் நடைத் தூரம். அங்கே கப்பல் பஸ்ஸுக்கு டாலர் கொடுப்பது, ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி மீனாட்சியம்மன் கோயிலுக்கு டூர் பேக்கேஜ் போடுவது மாதிரி.

போர்ட் கிளாங் அப்படி இல்லை. அங்கிருந்து கோலாலம்பூர் ஊருக்குள் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பத்துமலை முருகனைப் பார்க்க இன்னும் கொஞ்சம் தூரம். திரும்பும்போது டிராஃபிக்கில் மாட்டினால் கப்பல் உங்களுக்காக நிற்காது. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனால் அந்த பஸ் வந்து சேரும்வரை காத்திருப்பார்கள். கிரெடிட்டை இறக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. திருப்பரங்குன்றத்து அக்கா ஒருவர் தன் கிரெடிட் முழுவதையும் பத்துமலைக்கே கொடுத்துவிட்டு வந்தார். “முருகன் காசு முருகனுக்கே போச்சுப்பா” என்றார்.

அடுத்தது காபி. சிரிக்காதீர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இலவசமாகக் கிடைக்கும் மெஷின் காபி, நம்மூர் ஃபில்டர் காபி குடித்து வளர்ந்த நாக்குக்குச் சுடுதண்ணீர். கஃபேயில் காசு கொடுத்தால் ஓரளவு வாயில் வைக்கலாம். ஒரு கப் 5 டாலர் என்று பலகையில் இருக்கும், 18 சதவீதம் சர்வீஸ் சேர்ந்து 5 டாலர் 90 சென்ட் ஏறும். நம்ம காசில் ஐந்நூறு ரூபாயைத் தாண்டும். சொந்தக் காசில் குடிக்க மனசு வராது, கிரெடிட்டில் குடித்தால் வலிக்காது. அந்த 18 சதவீதத்தை எல்லாப் பானத்துக்கும் தனி உணவகத்துக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள், ஸ்பாவில் இன்னும் கூடலாம்.

ஸ்பாவில் உடம்பு பிடித்துவிட்டு அப்படியே எண்ணெய், கிரீம் விற்கப் பார்ப்பார்கள். “வேண்டாம்மா” என்று எழுந்து வந்துவிடுங்கள்.

சூதாட்டக் கூடத்துக்கு இந்தக் கிரெடிட் பெரும்பாலும் செல்லாது. அதைப் பற்றி எழுத எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

மது பாட்டில் வாங்கி மிச்சத்தைத் தீர்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர்தான் வரியில்லாமல் வரும். அதற்கு முன் சிங்கப்பூரைத் தாண்ட வேண்டும். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சிங்கப்பூரில் மதுவுக்கு வரிவிலக்கு கிடையாது. பினாங்கு, போர்ட் கிளாங் என்று சுற்றிவிட்டு வருகிற பயணத்தில் பாட்டில் வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

படி 6: கடைசிக்கு முந்திய நாள்

கடைசி நாள் இல்லை, கடைசிக்கு முந்திய நாள். அன்று மதியம் கணக்கைத் திறந்து மிச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் நிற்கும்போது கப்பல் கடைகள் மூடியிருக்கும், கடலில் ஓடும்போதுதான் திறப்பார்கள். கடைசி ராத்திரி கூட்டத்தோடு அடித்துப்பிடித்து வாங்குவதுதான் சாவிக்கொத்தாக முடிகிறது.

மிச்சம் சின்னத் தொகையாக இருந்தால் உபயோகமான பொருளைத் தேடுங்கள்: பல்பசை, தலைவலி மாத்திரை, சாக்லேட். குடும்பத்தோடு நின்று எடுத்த போட்டோ ஒன்று வாங்கலாம். ஒரு படம் இருபது டாலரைத் தாண்டினாலும் வீட்டுச் சுவரில் நிற்கும். அதுவும் வேண்டாமா? கவுண்டரில் போய், மிச்சத்தைக் கேபின் பையனுக்கோ சாப்பாட்டு மேசைக்காரருக்கோ கூடுதல் டிப்ஸாகப் போட முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்று சொன்னால் கையோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அண்ணனின் 17 டாலர் 20 சென்ட்டுக்கு இந்த வழியை நான் சொல்லி அனுப்பியிருக்கலாம்.

படி 7: இறங்கும் காலையும், அதற்குப் பிறகும்

கடைசி ராத்திரிக்குள் முழுக் கணக்கும் ஆப்பில் வந்துவிடும். ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். மினி ஃபிரிட்ஜில் தொடாத தண்ணீர் பாட்டில் ஏறியிருக்கும், ஒரே காபி இரண்டு முறை ஏறியிருக்கும். கப்பலில் இருக்கும்போது கேட்டால் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். ஊர் வந்து மெயில் போட்டால் மாதக் கணக்கு.

ரீஃபண்டபிள் மிச்சம் இருந்தால் எப்படித் தருவார்கள் என்று அப்போதே கேளுங்கள். ரொக்கம் என்றால் கையோடு வாங்குங்கள். கார்டு என்றால் தொகை வந்து சேரச் சில நாள் பிடிக்கும். கணக்குச் சீட்டின் பிரிண்ட் ஒன்று கேட்டு வாங்கி, பாஸ்போர்ட் பையிலேயே வையுங்கள். ஊர் வந்து அடுத்த கார்டு பில் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடக்கி வைத்த தொகை விடுபட்டதா, எடுத்த தொகை பிரிண்டில் உள்ளதுதானா, திரும்ப வர வேண்டியது வந்ததா என்று பாருங்கள். டாலருக்கு மேல் பேங்க் கூடுதலாகப் போட்ட கட்டணமான மார்க்கப்பும் அதன் மேல் ஜிஎஸ்டியும் தனி வரியாக இருக்கும், அதைக் கப்பல்காரர் தப்பு என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஆரப்பாளையத்து அண்ணன் அடுத்த தடவை மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு கேபின், கேபினுக்கு 75 டாலர் கிரெடிட். இந்த முறை கிராஜுவிட்டி முன்கூட்டிக் கட்டவில்லை, நான் தொடவே இல்லை. திரும்பி வந்து பிரிண்ட்டை மேசையில் விரித்தார். கிரெடிட் வரிக்கு நேரே மிச்சம் 0.00. அந்தப் பூஜ்யத்தைப் பேனாவால் வட்டம் போட்டே கொண்டுவந்திருந்தார். தொப்பி இன்னும் என் அலுவலகத்து ஆணியில்தான் தொங்குகிறது.